இலுப்பை மரத்துக் கட்டம் போட்ட பூ

ஜூன் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். கடை லீவு. வாங்க வேண்டியது: பல்பு, சர்க்கரை மாத்திரை.

அழகர்கோவில் பக்கம் போய் வந்தேன். மலையடிவாரத்து அய்யனார் தோப்பு, அதே இலுப்பை மரம். மேல் கவட்டையில் ஆர்க்கிட் மொட்டு விட்டிருக்கிறது. ஆறு மொட்டு. என் வீட்டுக்காரி மும்தாஜ் இறந்து ஒன்பது மாதம். அவள் இல்லாமல் பூக்கப்போகும் முதல் பூ.

செடியைக் கண்டுபிடித்ததே அவள்தான், தாவரவியல் டீச்சராச்சே. "உங்க கடை லுங்கி மாதிரியே பூவுல கட்டம் பாருங்க" என்பாள். மரத்தின் சத்தை உறிஞ்சாதாம், சும்மா பற்றிக்கொண்டு இருக்குமாம். "யார்ட்டயும் சொல்லிறாதீங்க. பிடுங்கிட்டுப் போயி தொட்டியில வச்சுக் கொன்னுருவாங்க." இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. அழுகையும். பூசாரி கருப்பையா வாராவாரம் தூர நின்று பார்ப்பார், எதுவும் கேட்க மாட்டார். இன்று போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை மறந்துவிட்டது. மகள் போனில் திட்டு: "அத்தா, நீங்க என்ன சின்னப் பிள்ளையா?"

மு.வின் பைனாகுலரைத் துடைத்து வைத்தேன். ஞாயிற்றுக்குள் மொட்டு விரிந்துவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

கவட்டை காலி. பட்டையில் வேர் பிய்ந்த தடம் மட்டும்.

கருப்பையா சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க பாய்! வாராவாரம் வந்து அண்ணாந்து பாத்துக் கண்ணக் கசக்கிட்டுப் போறீக. மரத்துக்குச் சீக்குன்னு எங்களுக்கும் புரிஞ்சுபோச்சு. புல்லுருவி அம்புட்டையும் அறுத்துத் தீயில போட்டாச்சு. எங்க சாமி மரத்துக்கு நீங்க அழுகுறீக, நாங்க சும்மா இருக்கலாமா?"

ஏணி சறுக்கி முழங்கையில் சிராய்ப்பு. அதையும் காட்டினார்.

அது மரத்தை உறிஞ்சும் புல்லுருவி இல்லை, மு.வின் ஆர்க்கிட். "ரொம்ப நன்றிண்ணே" என்றேன். மோர் கொடுத்தார், குடித்தேன்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காவலே இருந்திருப்பார். வாயை மூடிக்கொண்டே கொன்றுவிட்டேன், மு.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். போகவில்லை. பைனாகுலர் பீரோவில்.

மதியம் கருப்பையா போன். "ஏன் பாய் வரல? கவலப்படாதீக. மரம் இப்ப சுத்தமா இருக்கு. இனி ஒண்ணுகூட மொளைக்க விட மாட்டேன்."