அஞ்சலை எழுதிய முடிவு

நேற்றுக் காலை, கிழிந்த புத்தகங்களை ஒட்ட அடுப்பில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தேன். கொதி வந்ததும் மயில்துத்தத்தை ஒரு சிட்டிகை தூவினேன். அந்த வாடை எழுந்த உடனே கை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தின் மூலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து நீ பசை காய்ச்சிய நாள்களின் வாடை அது. பூச்சி அரிக்காமல் இருக்க அதைச் சேர்க்க வேண்டும் என்று விழுப்புரத்தில் ஒரு பைண்டிங் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தவள் நீ. கணக்கு டீச்சருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். "பிள்ளைங்க படிச்சா கிழியும். கிழிஞ்சா ஒட்டணும் இல்ல?" என்றாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் வீட்டு வாசலில் அன்று கூடியிருந்தவர்கள் எல்லாரும் நல்ல கணக்கு டீச்சர் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு இரும்பு அலமாரிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டியவள் நான். அழுகையில் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் போவோம். அங்கிருந்து ஒலக்கூர் போகும் சாலையில் டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். பள்ளிக்குள் "டீச்சர், டீச்சர்" என்று மரியாதையாகப் பேசிக்கொள்வோம். ரயில் ஏறிவிட்டால் வாடி போடிதான். பள்ளியில் நூலகம் என்பது ஆசிரியர் அறையில் இருந்த அந்த இரண்டு அலமாரிகள். பொறுப்பு தமிழாசிரியைக்கு, அதாவது எனக்கு. சாவி என் கைப்பையில் இருந்தது. அதை வைத்து நான் செய்தது ஒன்றே ஒன்று: வருஷத்துக்கு ஒரு முறை அலமாரியைத் திறந்து, புத்தகங்களை எண்ணி, அந்துருண்டை போட்டுப் பூட்டினேன். ஒரு புத்தகமும் காணாமல் போனதில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் நீ கையை நீட்டினாய். "சாவியக் குடுடி. காணாமப் போனா என் தலையில போடு."

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு எட்டாம் வகுப்புக்கு உன்னுடையது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் கணக்கு கிடையாது. புத்தகங்களைத் தரையில் பரப்பிவிட்டு, எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றாய். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். கேள்வி கேட்க மாட்டேன், மார்க் போட மாட்டேன். ஆனால் படித்து முடித்தவர்கள் அந்தப் புத்தகத்துக்குப் பதிலாக ஏதாவது செய்துகொண்டு வர வேண்டும், கதைச் சுருக்கம் மட்டும் வேண்டாம் என்றாய். பிள்ளைகள் விழித்தார்கள். முதல் மூன்று வாரம் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வைத்தார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டு போனேன்.

நாலாவது வாரம் தணிகாசலம் என்ற பையன் நனைந்த சட்டையோடு வந்தான். பனை மட்டைப் படகில் ஒருவன் கடல் தாண்டிய கதையை அவன் படித்திருந்தான். அதே மாதிரி படகு செய்து ஏரியில் விட்டு, தானும் ஏறிப் பார்த்திருக்கிறான். முழங்கால் தண்ணீரிலேயே அது மூழ்கிவிட்டது. "இந்தக் கதையை எழுதியவர் தண்ணீரில் இறங்கிப் பார்க்கவில்லை" என்று ஒரு தாளில் எழுதி, மூழ்கிய படகின் படமும் வரைந்துகொண்டு வந்தான். நீ அந்தத் தாளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாய். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஒருத்தி கதையில் வந்த மாற்றாந்தாய்க்குக் கடிதம் எழுதினாள். இன்னொருத்தன் ஒரு குடியானவனின் கதையை அவனுடைய மாடு சொல்வதாக மாற்றினான். மூன்று பேர் சேர்ந்து களிமண்ணில் ஒரு கோட்டையே கட்டிவிட்டார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இன்று ஒப்புக்கொள்கிறேன், அதில் பொறாமையும் இருந்தது. தமிழ் என் பாடம். பிள்ளைகள் உன் வகுப்பில்தான் தமிழ் எழுதினார்கள். அதுவும் பிழையும் பேச்சுவழக்குமாக எழுதினார்கள்.

அப்போதுதான் அஞ்சலை எழுதினாள். கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்காரும் பெண். அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. அவள் படித்தது ஓர் அரண்மனைக் கதை. வேலைக்காரச் சிறுமி ஒருத்தி, ராஜா தொலைத்த மோதிரத்தைக் கண்டெடுத்துக் கொடுக்கிறாள். ராஜா அவளுடைய நேர்மையை மெச்சிப் பட்டுச் சேலை கொடுக்கிறார். அவள் வணங்கி வாங்கிக்கொண்டு போகிறாள். கதை அவ்வளவுதான். அஞ்சலை அந்த முடிவை மாற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நீ ஊரில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வகுப்பை நான் பார்த்துக்கொண்டபோது, அதை என்னிடம் நீட்டினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினெட்டு இடத்தில் சுழித்தேன். கீழே, "கதையை மாற்றக் கூடாது. உள்ளபடி எழுதுக" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் முதல் அஞ்சலை புத்தகம் எடுக்கவில்லை. நீ காரணம் கேட்டபோது அந்தத் தாளை உன் கையில் கொடுத்திருக்கிறாள். என்னிடம் நீ அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளி ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் அலமாரிகளைச் சரிபார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஏழு புத்தகங்கள் இல்லை. இருந்தவற்றிலும் பாதிக்கு ஒட்டுப்போட்டிருந்தது. பதிவேட்டில் என் பெயர் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார். என் தகுதிகாண் பருவம் முடிய மூன்று மாதம் பாக்கி. ஒரு குறிப்பு எழுதினால் வேலையே ஆட்டம் காணும். நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: சாவி என்னிடம் இல்லை, கணக்கு ஆசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் உனக்கு மெமோ வந்தது. அலமாரிகளைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ரயிலில் உன் எதிரில் உட்கார எனக்குக் கூசியது. நீ அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்துக் கடலையை நடுவில் வைத்தாய்.

"நீ எழுதுனது உண்மதான? அப்புறம் இன்னாத்துக்குத் தலையத் தொங்கப் போட்டுக்கினு வர்ற?"

நான் அழுதேன். நீ விடவில்லை.

"மெமோ எனக்குப் பெரிசில்லடி. அஞ்சலைக்குச் சிவப்பு மையில பதில் எழுதுன பாரு, அதுதான் தாங்கல." கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாய். "பிழையெல்லாம் ஏற்கெனவே பாத்துட்ட. இப்ப அது இன்னா சொல்லுதுன்னு படி."

மயிலம் தாண்டியிருந்தது. என் சிவப்புச் சுழிகளுக்கு நடுவே தேடித் தேடிப் படித்தேன். அஞ்சலையின் கதையில் அந்தச் சிறுமி பட்டுச் சேலையைத் தொடவில்லை. ராஜாவை நிமிர்ந்து பார்த்து, உங்கள் மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற வாத்தியார் எனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறாள். ராஜா யோசிக்கிறார். மந்திரி சிரிக்கிறார். சிறுமி, யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை இங்கேயே நிற்கிறேன் என்கிறாள். கதை அங்கே முடிந்தது. விக்கிரவாண்டி வந்தது தெரியவில்லை. மூன்று முறை படித்தேன். நான் அதுவரை எந்தப் பிள்ளை எழுதியதையும் படித்ததே இல்லை, திருத்தித்தான் இருக்கிறேன் என்று அந்த ரயிலில் எனக்கு விளங்கியது.

மறுநாள் அஞ்சலையைக் கூப்பிட்டு, உன் கதை எனக்குப் பிடித்தது, நான் எழுதியது தப்பு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நம்பவில்லை என்று நினைத்தேன்.

ஆய்வு நாள் வந்தது. அதிகாரி முதலில் அலமாரியைத் திறக்கச் சொன்னார். ஒட்டுப்போட்ட புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். தலைமையாசிரியர் மெமோவின் நகலை நீட்டினார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்கு நடந்தார். நாமும் பின்னால் போனோம். பாடப் புத்தகம் அல்லாமல் கதை படித்தவர்கள் யார், படித்த கதையின் முடிவு என்ன என்று கேட்டார். பின்வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. அஞ்சலை எழுந்து நின்றாள். மோதிரக் கதை என்றாள்.

"முடிவு என்னம்மா?"

"எந்த முடிவுங்க ஐயா? புஸ்தகத்துல இருக்கறதா, நான் எழுதுனதா?"

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி, நீ எழுதியதையே சொல் என்றார். அவள் சொன்னாள். தாள் இல்லாமல், ஒரு வார்த்தை தடுக்காமல், ராஜாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு சிரிப்பு என்று சொன்னாள். தலைமையாசிரியர் முன்னே வந்து, இது வகுப்பில் தேவையில்லாமல் இடம் கொடுத்ததன் விளைவு, இனிமேல் நடக்காது என்று சமாதானம் சொல்லத் தொடங்கினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். தமிழாசிரியை நீங்கள்தானே, இதில் எது சரி என்று கேட்டார்.

ஓர் அடி முன்னே வந்தேன்.

"அவ எழுதுனதுதாங்க ஐயா சரி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன். புஸ்தகப் பொறுப்பும் என் பேர்லதாங்க இருக்குது. காணாமப் போன ஏழுக்கும் மெமோ எனக்குத்தான் வரணும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கண்கள் நிறைந்து, வாய் மட்டும் சிரித்தது.

அதிகாரி பிள்ளைகளின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வேறு யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம். தணிகாசலம் படகு மூழ்கிய கதையைச் சொன்னான். மாட்டின் கதையை எழுதியவன் மாட்டைப் போலவே தலையை ஆட்டிப் படித்தான். மணி அடித்தது, அதிகாரி எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலில் தொங்கினார்கள். போகும்முன் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: பள்ளி நேரத்தில் நூலக அலமாரிகளைப் பூட்டக் கூடாது. மெமோவைத் தலைமையாசிரியரிடமே திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை.

ஏழில் ஐந்து புத்தகங்கள் ஒரு வாரத்தில் திரும்பிவந்தன. ஒன்று அஞ்சலை தெருவில் நாலு வீடு சுற்றிவிட்டு, கேப்பை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வரவே இல்லை. அதற்காக நான் கவலைப்பட்டேன். "எங்கியோ எவனோ படிச்சிக்கினு இருக்கான், வுடுடி" என்றாய்.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் அஞ்சலையின் முடிவை நாடகமாகப் போட்டோம். வசனத்தை நான் எழுதித் தருகிறேன் என்றதற்குப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களே எழுதினார்கள். நான் பிழைகூடத் திருத்தவில்லை. அறிவியல் வாத்தியார் தன் சால்வையைக் கொடுத்தார், அதுதான் ராஜாவின் அங்கி. தலைமையாசிரியர் மந்திரிக்காகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, மேடையில் நடப்பது சரியாகத் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரச் சிறுமியாக அஞ்சலையே நடித்தாள்.

அவளுடைய அம்மா அன்று மல்லாட்டை பிடுங்கிவிட்டு நேராக வந்திருந்தாள். சேலை முந்தானையில் செம்மண். கூட்டத்தின் பின்னால், வேலியோரம் நின்றாள். மேடையில் ராஜா பட்டுச் சேலையை நீட்டினான். அஞ்சலை அதைப் பார்த்தாள், பேசவில்லை. வசனத்தை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது.

"கேளுடி. நல்லா வாயத் தொறந்து கேளு."

அஞ்சலை கேட்டாள். ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். எழுந்த கைதட்டலில் மைக் கீச்சிட்டது. மந்திரியாக நின்ற பையனும் தன் சிரிப்பை மறந்து கைதட்டினான். நீ மேடைக்குப் பின்னால் பசைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். கிரீடம் பிய்ந்துபோனால் ஒட்டுவதற்காம்.

அதன் பிறகு உனக்கு விழுப்புரத்துக்கே மாறுதல் கிடைத்தது. நான் அங்கேயே பதினோரு வருஷம் இருந்தேன். அலமாரிகளின் கதவுகளைக் கழற்றி எடுத்தது நான்தான், அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. அஞ்சலை பத்தாவது முடித்தாள், செவிலியர் படிப்பும் படித்தாள். இன்னும் சில வருஷத்தில் அவளே ஓய்வுபெறப் போகிறாள். உன்னைக் கடைசியாகப் பார்க்க அன்று வந்திருந்தாள். உன் கால்மாட்டில் நெடுநேரம் நின்றாள்.

இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டு முன்னறையில் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்து படிக்கிறார்கள். எவரிடமும் நான் கதையின் கருத்தைக் கேட்பதில்லை. ஒரு சனிக்கிழமை நாலாவது படிக்கிற ஒரு பெண் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு என் மடியில் வைத்தாள். எப்படி இருந்தது என்று கூட நான் கேட்கவில்லை, சும்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, இந்தக் கதைய எழுதுனவரு என்னை ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்" என்றாள்.

அவளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் முடிக்கவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.