வந்தேன், சம்மதம் இல்லை

அன்பு மகள் யோகலட்சுமிக்கு, மாதனூரிலிருந்து அம்மா எழுதுவது. முட்டி ஒன்றைத் தவிர நான் முழு சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கக் கெங்கையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, வெச்சிடறேம்மா" என்பாய், அதனால்தான் கடிதம். உங்கள் இங்கிலீஷ்கார ஊர்ப் பஞ்சாயத்துச் சங்கதி கேட்டு மூன்று நாள் சிரித்தேன். நாய்ப் பீயைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்களாமே. சர்ச் கடிகாரம் பதினோரு வருஷமாக நாலேகாலிலேயே நிற்கிறதாம், அதை ஓட விடலாமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பாம். குளத்து வாத்துக்கு ரொட்டி போடக்கூடாது என்று போர்டு வேறு. இங்கே ஒரு வாத்து அப்படித் திரிந்தால் பஞ்சாயத்து கூடுவதற்குள் குழம்பாகியிருக்கும்.

கடைசியில் ஒன்று சொன்னாயே, அதில்தான் சிரிப்பு நின்றது. சர்ச் எதிரே இருக்கும் பஸ் நிழற்குடையை எடுத்துவிட்டுப் பூந்தொட்டி வைக்கப்போகிறார்கள், இனி பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும், நீ முதியோர் இல்லத்து டூட்டிக்கு நடைபாதை இல்லாத ரோட்டில் அரை மணி நடக்க வேண்டும். பூந்தொட்டிக்காரம்மா டீயும் கேக்கும் கொடுத்துப் பேப்பரை நீட்டியதும், பூ நடுவதற்குத்தானே என்று நீயும் கையெழுத்துப் போட்டாயாம். என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை.

உனக்கு ஆறு வயதிருக்கும், நான் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன், கம்பெனி பஸ் நம் தெரு முனையிலேயே நிற்கும். கிராம சபையில் அப்போதைய தலைவன் பெருமாள், "வந்ததுக்கு ஒரு கையெழுத்து போடுக்கா, சும்மா" என்று நோட்டை நீட்டினான், சுண்டல் பொட்டலம் வேறு. போட்டேன். மேலே காலியாக இருந்த இடத்தில், பஸ் நிற்கும் இடத்தை மாற்றச் சம்மதம் என்று அப்புறம் எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் பஸ் அவன் மச்சான் கடை வாசலில் நின்றது. கேட்டால், "நீதானேக்கா சம்மதிச்சே" என்றான். பத்தொன்பது வருஷம் மழையில் நடந்தேன். இப்போதும் "இன்னாக்கா, நல்லாகீறியா" என்பான், நான் பக்கத்தில் மேயும் ஆட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் "வந்தேன், சம்மதம் இல்லை" என்று எழுதிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்குச் "சம்மதம்" எழுத வரவில்லை, பக்கத்து வீட்டு சுகரா பேகம்தான் சிலேட்டில் பழக்கினாள். நான் அப்படி எழுதியதைப் பார்த்துக் கூரியர்காரன் பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். உன் கல்யாண ரிஜிஸ்டரிலும் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், உன் மாமியார் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போ. மூன்று நிமிஷம் பேச விடுவார்களாமே, அதில் இரண்டு நிமிஷத்தை "சாரி, சாரி" என்றே கழிக்காதே. "வந்த ஊரு, வம்பு எதுக்கும்மா" என்கிறாய். ஒன்பது வருஷமாக அந்த ஊர்க் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாய், இன்னுமா வந்த ஊர்? பூந்தொட்டிக்காரம்மாவின் மாமியாரே உன் கையால்தான் குளிக்கிறாள். பஸ் இல்லாமல் நீ போகாவிட்டால் அந்தக் கிழவியை யார் குளிப்பாட்டுவது, பூந்தொட்டியா என்று கேள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று உன் கையெழுத்தைத் திருப்பிக் கேள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நோவது அதுதான், முட்டி இல்லை.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ. டீ கொடுத்தால் குடி, பேப்பர் கொடுத்தால் முதலில் படி. பேத்திக்கு என் முத்தம். மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

உன் அம்மா
தனபாக்கியம்
எழுதினேன், முழுச் சம்மதம்.