கருந்துளையைச் சுற்றி நான் வைத்த சுவர்

அனுப்புநர்
ம. ஷாரோன்,
முனைவர் பட்ட ஆய்வாளர்,
தேவாலயத் தெரு, பூஞ்சேரி,
மாமல்லபுரம் அஞ்சல், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கடற்கரை வானியற்பியல் ஆய்வு மையம்,
திருவிடந்தை.

பொருள்: கருந்துளைத் திரள்வட்டு பற்றிய என் சோதனைக் கணக்கு களவு போனது – அதையே காரணம் காட்டி என் ஆய்வேடு நிறுத்தப்பட்டது – வெளியாரைக் கொண்டு விசாரிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை நம் மையத்தின் கணினியில் அடிக்கவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அடித்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதைத் தாங்கள் மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். எனக்கு இப்போது யார் மீதும் நம்பிக்கை இல்லை.

1. கருந்துளைக்குள் விழப்போகும் வாயு, அதற்கு முன் அதைச் சுற்றித் தட்டுபோலச் சுழல்கிறது. அதைத் திரள்வட்டு என்கிறோம். அது சூடேறி எக்ஸ் கதிர்களைக் கக்குகிறது. அந்தக் கதிர்கள் ஒரு நிலையில் நில்லாமல் கூடுவதும் குறைவதுமாக இருப்பது ஏன் என்பதைக் கணினியில் ஒரு வட்டைச் சுழலவிட்டுக் கண்டறிவதே என் ஆய்வு. வட்டுக்குள் காந்தப்புலம் கிளப்பும் கொந்தளிப்புதான் காரணம் என்றும், அந்த ஏற்ற இறக்கம் ஒழுங்கற்றது என்றும் என் கணக்கு காட்டியது.

2. சரியான விடையை நம்புவதற்கு முன் வேண்டுமென்றே தவறான கணக்கு ஒன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது என் வழிகாட்டி முனைவர் ஜானகிராமன் அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம். அதன்படி கருந்துளைக்கு வெளியே ஒரு பொய்ச் சுவரை வைத்தேன். உண்மையில் அங்கே சுவர் கிடையாது. உள்ளே போனது திரும்பாது. சுவர் வைத்தால், கரையில் கொட்டிய பாறையில் மோதிய அலைபோல வாயு திரும்பி வரும். எக்ஸ் கதிர்களும் சீராகத் துடிக்கும். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அது சுவரின் வேலை.

3. சுவரை எங்கே வைப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை. நான் 588 பேருந்தில் வருபவள். அன்று ஏதோ ஒரு விளையாட்டுப் புத்தியில் சுவரின் தூரத்தை 5.88 என்று போட்டேன்.

4. சென்ற மழைக்காலத்தில் புதிய கணினிக்கு மாறும்போது, என் கோப்புகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார் வழிகாட்டி. யாருக்காக என்று கேட்டேன். "எல்லாம் நம்ம குரூப் வேலைதானேம்மா" என்றார். திறந்தேன்.

5. இந்தக் கோடையில் என்னுடன் ஆய்வு செய்யும் திரு. பிரவின்குமார் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ் கதிர்களில் சீரான துடிப்பைக் கண்டுபிடித்துவிட்டாராம். வழிகாட்டியின் பெயரும் அதில் உண்டு. கட்டுரையின் அட்டவணையில், உள் எல்லை, அதாவது சுவர் இருக்கும் இடம், 5.88 என்று இருக்கிறது. அவர் ஊரப்பாக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "இன்னா ஷாரோன், அதெல்லாம் ஸ்டாண்டர்டா வெக்கிறதுதானே" என்று சிரித்தார். அப்படி ஒரு வழக்கம் உலகில் எங்கும் இல்லை ஐயா.

6. இத்துடன் விட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. என் ஆய்வேடு இப்போது வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. வெளியான கட்டுரைக்கு அது முரணாக இருக்கிறதாம். ஒரே குழுவிலிருந்து இரண்டு விடைகள் போகக் கூடாதாம். துடிப்பு வரும்படி திருத்திக் கொடுக்க வேண்டுமாம். பொய்ச் சுவர் பற்றி வழிகாட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாம் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருக்கிறாரா, தெரியவில்லை. நான் அறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பொய்ச் சுவர்க் கணக்கை நான் என்று ஓட்டினேன் என்ற பதிவு இருக்கும் பழைய கணினியை ஏலத்துக்கு அனுப்ப அவசரப்படுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். ஏன் இந்த அவசரம் என்று தாங்கள்தான் கேட்க வேண்டும்.

7. சென்ற வாரம் வழிகாட்டியும் பிரவின்குமாரும் சமரசம் பேசினார்கள். கட்டுரையில் என் பெயரையும் சேர்த்துவிடுகிறார்களாம். நான் ஆய்வேட்டைத் திருத்திவிட வேண்டுமாம். விடுதியொன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் என் தாயார் மார்கரெட் இதைக் கேட்டு, "பேரு போட்டுக் குடுத்தா வாங்கிக்கினு வாயேண்டி, இன்னாத்துக்கு பேஜாரு" என்றார். அவர் சோர்ந்துபோய்ச் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. என் உதவித்தொகைக் காலம் இந்த மார்கழியோடு முடிகிறது என்பது இவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே ஐயா, பழைய கணினியை யாரும் தொடாதபடி பூட்டி முத்திரையிட உத்தரவிட வேண்டுகிறேன். இம்மனுவை வழக்கம்போல விளக்கம் கேட்டு அவர்களுக்கே அனுப்பிவிடாமல், இம்மையத்தோடு தொடர்பில்லாத இருவரைக் கொண்டு விசாரிக்க வேண்டுகிறேன். என் ஆய்வேட்டை ஒரு வரியும் மாற்றாமல் வெளித் தேர்வாளர்களுக்கு அனுப்ப வேண்டுகிறேன். அவர்கள் அதைத் தவறென்றால் தலைவணங்கி ஏற்றுக்கொள்வேன்.

களவு போனதை எனக்கு மீட்டுத் தர வேண்டாம். அது பொய் என்று முதலில் அறிந்தவள் நான். அந்தக் கட்டுரையில் என் பெயரை மட்டும் சேர்த்துவிடாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடம்: மாமல்லபுரம்
நாள்: 11.11.2024

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ம. ஷாரோன்