கறுப்பு மூஞ்சியை முதலில் கட்டினேன்

மேய்ச்சல் மலை,
ஜூன் 8

ஐபீக்கேயின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். மாஸ்கோவில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே போன் எடுக்காது. லாரிக்காரர் பெக்துர் நாளை மலையிறங்குகிறார், தபாலில் போடச் சொல்லி அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். ஆனால் முழுசாகப் படியுங்கள்.

பதினெட்டு பால் ஆடும் தேறிவிட்டால், கட்டட வேலையை விட்டுவிட்டுப் பனிக்கு முன் வந்துவிடுவதாகச் சொன்னீர்களே, அதில் ஆறுக்கு மடிநோய். மடி கல்லாகிவிட்டது. பீய்ச்சினால் தண்ணியும் ரத்தமுமாக வருகிறது.

பத்து நாள் விடாத மழை. கிடை முழுக்கப் புழுக்கைச் சேறு, ஆடுகள் அதில்தான் படுத்தன. முதலில் கறுப்பு மூஞ்சிக்குத்தான் வந்தது. அதன் இரட்டைக் குட்டிகளுக்கு வாயெல்லாம் புண். முட்டி முட்டிக் குடித்துக் காம்பைப் புண்ணாக்கிவிட்டன. அது வலியில் காலை உதறிக்கொண்டு நின்றால் எனக்கு மனசு கேட்குமா? கறப்பதற்காக நெற்றிக்கு நெற்றி சேர்த்து ஆடுகளைக் கயிற்றில் கட்டும்போது தினமும் அதை முதலில் கட்டினேன். அதன் மடியைக் காலி செய்துவிட்டு, அதே கையோடு அடுத்தது, அடுத்தது என்று கறந்துகொண்டே போனேன்.

கால்நடை மருத்துவர் எர்மெக் குதிரையில் வந்தார். "ஏம்மா, சீக்கு ஆட்டக் கடைசியிலதானே கறக்கணும்? நடுவுல கையாவது கழுவினியா?" என்றார். கட்டிய வரிசைப்படி முதல் ஆறுக்கும் நோய் வந்திருக்கிறது. பக்கத்துக் கூடாரத்து தொக்தோகான் அக்கா, "அடிப்பாவி, பாவம் பாத்துப் பாத்தே பரப்பி விட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் என்னோடு உட்கார்ந்து அழுதார்.

கறுப்பு மூஞ்சி நேற்று போய்விட்டது. ஊசி போட்ட மற்ற ஐந்தில் இரண்டு பிழைக்கலாமாம். அவற்றுக்கும் ஒரு பக்கம் இனிச் சுரக்காதாம். கறுப்பு மூஞ்சியின் குட்டிகளை வேறு ஆட்டிடம் விட்டால் வாய்ப்புண் பரவும் என்கிறார் எர்மெக். புட்டிப்பாலில் அவை வாய் வைக்க மாட்டேன் என்கின்றன. மற்ற ஆடுகளைப் பார்த்துக் கத்துகின்றன. நான் இரண்டையும் கயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வேறு என்ன செய்ய?

அப்பா எப்போது வருவார் என்று ஐபீக்கே கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் கோட்டு முழங்கையில் கிழிந்துவிட்டது, ஊருக்குத்தானே வரப்போகிறேன், புதிது எதற்கு என்றீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கனமானதாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் குளிரிலிருந்து ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
பெர்மெத்