என்னிடம் எடை, அவரிடம் ரத்தம்

ஜூன் 3, செவ்வாய்

வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். ரத்த வங்கியில் எடை மெஷினைப் பார்த்ததும் செருப்பு, வளையல், தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சிஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நாப்பத்தஞ்சு கிலோவுக்குக் குறையாம இருந்தாப் போதும்மா. நீங்க மூச்சு விடலாம்."

அடுத்த கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று. "பச்சைத் தண்ணி பல்லுல படல சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். சர்க்கரை டெஸ்டுக்கு அப்படித்தானே போகிறோம்?

"அது டெஸ்ட், இது தானம். வெறும் வயித்துல குடுத்தா மயங்கி விழுவீங்க. உங்களைத் தூக்க இங்க ஆள் இல்ல. நல்லாத் தூங்கி, சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டு நாளைக்கு வாங்க."

ஒர்க்‌ஷாப் கேன்டீனில் ஊருக்கே ஆக்கிப் போடுகிறவள் பட்டினியோடு போய்த் திரும்பி வந்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் மானம் போகும்.

நாத்தனாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் ரத்தம் கொடுத்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி தருவார்களாம். எந்த குரூப்பானாலும் சரி, வங்கியில் மாற்றிக்கொள்வார்களாம். அவளுக்கு வீடு என்றால் அவள் அண்ணனும் நானும்தான்.

ஜூன் 4, புதன்

மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் போனேன். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டரை வேண்டுமாம், எனக்குப் பதினொன்றுதான். ரத்தத்தில் சத்து போதாதாம். இந்த உடம்பிலா?

அவருக்குப் பதினைந்து. ஆனால் எடை நாற்பத்து மூன்று. ஊதினால் பறந்துவிடுவார் என்று நான் இத்தனை வருஷம் கேலி செய்ததை மெஷினே எழுத்தில் கொடுத்துவிட்டது.

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக் கணக்கு வச்சுக்கோங்க சிஸ்டர்."

சிரித்தாள். ஆனால் முடியாது என்றுவிட்டாள்.

எனக்கு மாத்திரை, கீரை, ஈரல். சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் டீ கூடாது. அது இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாதாம். டீ அண்டாவைக் கட்டிக்கொண்டு பிழைக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

ஜூன் 8, ஞாயிறு

தலைவலி. டீ வாசம் வந்தாலே யாரையாவது அடிக்கத் தோன்றுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அவருக்கு ஒரு வாரமாக முட்டை, பால், வாழைப்பழம், மறுபடி முட்டை. "என்னை வளக்கிறியா, இல்ல அறுக்கறதுக்குத் தயார் பண்றியா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு தின்னுங்க என்றேன். நேற்று வயிறு பிடுங்கிக்கொண்டது. ஏறின ஒரு கிலோவும் இறங்கின ஒரு கிலோவும் ஒரே நாளில் கணக்குத் தீர்த்துக்கொண்டன. வயிறு சரியாகி இரண்டு வாரம் கழித்துத்தான் வரவேண்டுமாம்.

கீரையை ஆய்ந்துகொண்டே அழுதேன். வெங்காயம் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைய கூத்தை எழுதக் கை வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் தீப்பொறி என்று நாங்கள் கூப்பிடும் வெல்டரிடம் நேற்று கேட்டேன். அவன் போன மாதம்தான் எங்கேயோ முகாமில் கொடுத்தானாம். மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கமாட்டார்கள். ரத்தத்துக்குப் பதில் யோசனை கொடுத்தான்.

"அக்கா, அண்ணன் பாக்கெட்ல நாலு நட்டு போல்ட்டைப் போட்டு அனுப்பு. மெஷினுக்கு என்ன தெரியும்?"

எனக்கும் புத்தி புல் மேயப் போயிருந்தது. போட்டு அனுப்பினேன். எடை நாற்பத்தாறு காட்டியது. இவர் நாற்காலியில் உட்காரும்போது ஒரு நட்டு விழுந்து, நேராக உருண்டு போய் சிஸ்டர் காலடியில் நின்றது. பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னாள். ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். கடைசியாக ஒரு ஸ்பேனர்.

"இந்த எடைக் கணக்கு எங்களுக்காக இல்லம்மா. குடுத்துட்டு அவரு எழுந்து நடக்கணும்ல? வீட்ல ஒரு ஆளு படுத்திருக்கிறது போதாதா?"

எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் இவர் வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டியா? ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ல ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்."

ஜூலை 5, சனி

நாத்தனாரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். "என்னடி மகாராணி, இன்னும் எந்திரிக்க மனசு வரலியா?" என்றேன். எப்போதும் திருப்பி ஒன்று கொடுப்பாள். எங்கள் இருவருக்கும் அப்படித்தான் பொழுது போகும். இன்று கண்ணை மட்டும் திறந்தாள். உதடு காகிதம் மாதிரி. உதிரப்போக்கை மருந்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் நிற்குமோ.

"அண்ணி, காலு ஜில்லுனு இருக்கு. கொஞ்சம் பிடிச்சு விடுறீங்களா?"

பிடித்துவிட்டேன். அவள் இதற்கு முன் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவள் சண்டை போடாதது எனக்குப் பயமாக இருந்தது.

என்ன ஒடம்பு இது? ஆட்டுக்கல்லு மாதிரி வச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்? ஒரு பை ரத்தம் குடுக்க வக்கில்ல. வாய் மட்டும் எட்டு ஊருக்கு நீளுது.

ஜூலை 10, வியாழன்

பன்னிரண்டு புள்ளி மூன்று. கெஞ்சிப் பார்த்தேன், கிண்டல் செய்தும் பார்த்தேன். சிஸ்டர் அசையவில்லை.

ஜூலை 17, வியாழன்

பன்னிரண்டு புள்ளி எட்டு.

இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னேன். அதே எட்டு. படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். பை நிறைவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அவர் பக்கத்தில் என் வளையலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை முதல் ஆபரேஷன் அவளுடையது. சொல்லப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணி ரத்தமா? எனக்கும் இனிமே வாய் நீண்டுடுமே" என்றாள். அது தனக்கு ஏற்றப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாடா, சண்டைக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சிஸ்டர் அனுப்பினாள். மேஜை மேல் ஒரு டப்பா இருந்தது. சாப்பிட்டேன். தானம் கொடுத்தவர்களுக்கான பிஸ்கட் ஜன்னலோரம் கூடையில் இருந்ததாம். டப்பா டாக்டருடையது. சோறு பதமாக வெந்திருந்தது. கூட்டில் உப்பு குறைவு, டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.