யப்பானுக்குப் போன எங்கள் பகிடி

என் வாய் திறவா மச்சானுக்கு,

நீ போய் இரண்டாவது துவசமும் வந்துவிட்டது. போன முறை இந்தப் பத்திரிகையில் உன் படத்துக்குக் கீழே "சிரித்த முகத்தோனே" என்று யாரோ பாட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். நீ எப்ப மச்சான் சிரித்தாய்? கலியாணப் படத்திலேயே பல்லுக்குத்து வந்தவன் மாதிரி நிற்கிறாய். அதனால்தான் இந்த முறை நானே எழுதுகிறேன். ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஆளெல்லாம் பேப்பருக்கு எழுத வெளிக்கிட்டுதாம் என்று உன் தங்கச்சி குசினியில் நின்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ அவளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒருத்தராவது சிரிக்க வேண்டாமோ.

முதலில் புதினம். உன் மகள் தாரணி இப்ப யப்பானில் ரீச்சர். ஓம், நம்பு. சின்ன ஊர் ஒன்றில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு ஆள் அவள் ஒருத்திதான். தாயும் இல்லை, நீயும் போய்விட்டாய். இங்கே மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் எங்களோடு இரு பிள்ளை என்று கெஞ்சிப் பார்த்தோம். உன் பிடிவாதம் அவளுக்கு. பெட்டியைக் கட்டிவிட்டாள்.

முதல் மாதங்களில் போன் வந்தால் வீடே சிரிக்கும். பள்ளிக்கூட வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளுக்குப் போடுகிற சப்பாத்தை மாட்ட வேண்டுமாம். கக்கூசுக்கு இன்னொரு செருப்பு. அவள் ஒரு நாள் மறந்துபோய்க் கக்கூஸ் செருப்போடேயே வகுப்புக்குப் போய்விட்டாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். முழு வகுப்பும் அவளுடைய காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

பேந்து மெல்ல மெல்லச் சிரிப்புக் குறைந்தது. கேள்வி கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் மேசையைப் பார்க்கிறார்கள். மத்தியானம் ரீச்சரும் பிள்ளைகளும் வகுப்புக்குள்ளேயே ஒன்றாக இருந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிற வழக்கம் அங்கே. அப்பவும் அவளோடு கதைக்க ஒரு வாயும் திறக்காது. மற்ற ரீச்சர்மார் காலையில் குனிந்து வணக்கம் சொன்னால், பேந்து பின்னேரம் குனிந்து போய்வருகிறேன் சொல்லத்தான். "நான் அங்க ஒரு அலுமாரி மாதிரி, மாமா" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைச் சொன்னேன். பகிடி விட்டுச் சிரிக்கப் பண்ணு, சிரித்த ஆள் பேந்து கதைக்கும் என்றேன். எங்கள் வீட்டில் நக்கல் வாங்காமல் யார் உள்ளே வந்தது? நீ மொன்றியலில் வந்து இறங்கிய நாள், யாரோ கொடுத்த பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாய். கரடிக்கு விசா குடுத்தது ஆர் என்று கேட்டேன். அதுதான் மச்சான் நான் உனக்குச் சொன்ன வா, இரு, சாப்பிடு எல்லாம். உனக்கு அது விளங்கியது.

தாரணியின் வகுப்பில் ஹனா என்று ஒரு பிள்ளை. பின்வரிசை, சத்தமே இல்லை. ஒரு நாள் தன் முன்மயிரைத் தானே கத்தரித்துக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் இறங்க. எங்கள் பிள்ளை சும்மா இருக்குமோ? எலி வந்து வெட்டிவிட்டுப் போனதோ என்று கேட்டு, இரண்டு முன்பல்லையும் வெளியே நீட்டிக் கடித்தும் காட்டினாள். மச்சான், அந்த வகுப்பு அன்றைக்குத்தான் முதல்முதல் சிரித்தது. ஹனாவும் சிரித்தாள். எங்கள் பிள்ளை துள்ளிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தாள். பார்த்தியா, மாமா சொன்னது என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அடுத்த நாள் ஹனாவின் கதிரை வெறுமை. அதற்கடுத்த நாளும். இப்ப குளிர்காலமும் வந்துவிட்டது.

அங்கே சில பிள்ளைகள் இப்படி ஒரு நாள் நின்றால் நின்றதுதானாம், வருசக்கணக்கில் அறையை விட்டு வராதாம். வகுப்பு வாத்தியார் நல்ல மனுசன். அவளுக்கு முந்தியே பள்ளிக்கூடம் பயம், உங்களால் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதை நம்புகிற ஆளோ உன் மகள்? வாத்தியாரோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாய்க்காரி வாசலுக்கு வந்து, இடுப்பு வளையக் குனிந்து, உங்களுக்குக் கரைச்சல் தந்துவிட்டோம் என்று இவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

"அவ எனக்கு அடிச்சிருந்தாத் தாங்கியிருப்பன், மாமா."

அவளுக்கு அது இரவு. எனக்குக் காலை. லாசாலில் நான் வேலை செய்கிற தொழிற்சாலை வாசலில், கையில் கோப்பியோடு, பனிக்குள் நிற்கிறேன். வாயில் ஒன்றும் வரவில்லை. இந்த வாயில், மச்சான்! கடைசியில், விட்டிட்டு வா பிள்ளை, உன் அறை அப்படியே இருக்கு என்றேன்.

"நான் அங்க வந்தா ஹனா பள்ளிக்கூடம் போயிடுவாளோ?"

பேந்து இன்னொன்று கேட்டாள்.

"மாமா, நீங்கள் ஏன் பள்ளிக்கூடம் போறதை விட்டனீங்கள்?"

என் பள்ளிக்கூடக் கொப்பியை ஆடு தின்றுவிட்டது என்றுதான் உனக்கும் சொன்னேன், ஊருக்கும் சொன்னேன். அன்றைக்கு அந்த ஆடு வரமாட்டேன் என்றுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அப்புவின் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன், கை முழங்கால்வரை தொங்கியது. எங்கள் வாத்தியார் சேட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரிக் குனிந்து, உள்ளுக்கு ஆள் இருக்கோ என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன். அடுத்த நாள் போகவில்லை. அந்த வாத்தியாருக்கு என்னில் சரியான விருப்பம், மச்சான். அதுதான் கதை.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று யோசித்தேன்.

"அவர் உங்களைத் தேடி வந்தவரோ?"

"இல்லை."

"வந்திருந்தா? திரும்பிப் போயிருப்பீங்களோ?"

ஓம் என்று சொன்னால் அவளுக்கு ஒரு நம்பிக்கை. இல்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டும் நாக்கின் நுனியில் நின்றது.

"தெரியாது, பிள்ளை" என்றேன்.

"சரி. நாளைக்குத் திரும்பவும் ஹனா வீட்டுக்குப் போறன்."

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருக்கால் பாடத் தாளைக் கொண்டு போகிறாளாம். வாசல் மணியை அமத்திவிட்டு நிற்பாளாம். தாய் வந்து குனிவாள், இவள் குனிவாள், திரும்பிவிடுவாள். போன கிழமை, ஹனா மேலே முழிப்பாகத்தான் இருக்கிறாள் என்று தாய் சொன்னாளாம். அவ்வளவுதான். அதைப் பெரிய புதினம் மாதிரிச் சொன்னாள். நான் ஓம் என்றேன்.

நீ இருந்திருந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாய். நீ மூச்சு விடுகிற சத்தமே அவளுக்குக் காணும். எனக்கு அது வராது, மச்சான். உன்னிடம் பழகியிருக்கலாம், நான்தான் உன்னைக் கதைக்க விடவில்லையே.

ஒன்று மட்டும் சத்தியம். திரும்பி வா என்று இனி நானாக அவளைக் கூப்பிடமாட்டேன். அந்தக் கதவு திறக்குமோ, திறக்காதோ, எனக்குத் தெரியாது. அவள் அங்கே போய்வருகிற வரைக்கும் அவள் எடுக்கிற ஒரு போனையும் விடமாட்டேன். கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால், கோப்பி ஆறினாலும் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

உன் தங்கச்சியைக் கட்டினவன்,
உன் மகளுக்கு இப்ப மிஞ்சியிருக்கிற ஒரே மாமா.