மாத்திரை வேண்டாம் என்று சொல்வது நீயா, அக்கா?

என் செல்வி அக்காவுக்கு,

உன்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டில் உன் பேரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. உன் மகள் ஆனந்தியின் காதில் விழக்கூடாது என்று என் பெண்டாட்டி லட்சுமி அப்படிப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் இன்றைக்கு இதைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

உனக்கு வந்தது அவளுக்கும் வந்துவிட்டது.

காலேஜில் கடைசி வருஷம். மழைக்காலத்தில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அக்கா. தூக்கம் போயிற்று. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பார்வையை நான் உன்னிடம் பார்த்திருக்கிறேனே.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. கூடவே பிள்ளையும் அடங்கிப்போனாள். சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். வாயோரம் எச்சில் வழியும், துடைக்கத் தோன்றாது. உடம்பு ஊதிப்போயிற்று. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று லட்சுமியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குது மாமா. உள்ள யாரோ வெளக்க அணைச்சிட்ட மாரி இருக்குது."

நீயும் இப்படித்தான் சொன்னாய். பெரிய மார்க்கெட்டில் உன் மீன் கடையில்தான் வஞ்சிரம் வாங்குவேன் என்று காத்திருந்து வாங்கிப்போனவர்கள் எத்தனை பேர்! நீ போடும் துண்டு ஒன்றுபோல இருக்கும். மாத்திரை ஆரம்பித்த பிறகு உன் கை நடுங்கத் தொடங்கியது. மீனுக்குப் பதில் விரலை வெட்டிக்கொண்டாய். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். "இந்த மாத்திர என்னத் தின்னுதுடா" என்றாய். "சீக்கு பேசுது" என்றோம் நாங்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்து.

பிறகு நீயாகவே நிறுத்தினாய். கூடை மீன் முழுவதையும் மார்க்கெட் வாசலில் கொட்டிவிட்டு, எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறது என்று போகிற வருகிறவர்களை எல்லாம் தடுத்தாய். அம்மா பயந்துபோய் உன்னைப் பேயோட்டும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். வேப்பங்குச்சியால் அடித்தார்கள். அந்தத் தழும்பு உன் முதுகில் கடைசிவரை இருந்தது. அப்புறம்தான் அம்மா மாத்திரையைப் பொடி பண்ணிக் குழம்பில் கலக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நீ கசப்பைக் கண்டுபிடித்துவிட்டாய். அன்றிலிருந்து அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்கடை பன்னைத் தின்றே காலத்தை ஓட்டினாய்.

ஒருநாள் காலையில் நீ எழுந்திருக்கவில்லை. ஆனந்தி அப்போது சின்னப் பிள்ளை; அன்றிலிருந்து எங்களோடுதான் வளர்கிறாள். சர்க்கரை, இதயம் என்றார்கள். சர்க்கரை இந்த மாத்திரையால் வந்ததா என்று கேட்டேன். "அதுவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த "இருக்கலாம்" இன்னும் என் நெஞ்சிலேயே நிற்கிறது. ஆனால் மாத்திரை இல்லாத நாட்களில் நீ பட்ட பாட்டையும் பார்த்தவன்தானே நான்? எதை நம்புவது?

இப்போது ஆனந்தியும் நிறுத்திவிட்டாள். எங்களுக்குத் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே வீசியிருக்கிறாள். முதலில் முகம் தெளிந்தது. சிரித்தாள்கூட. லட்சுமி சாமிக்கு விளக்கேற்றினாள். அடுத்த வாரமே ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணவில்லை. நான் நோணாங்குப்பம் படகுத் துறையில் சுற்றுலா ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் அப்படியே இறக்கிவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். செருப்பில்லாமல், வெயிலில் நின்றுகொண்டு, தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தவர்களிடம் எல்லாம் குடிக்காதீங்க, குடிக்காதீங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைக் கடித்தாள். வீடு வருவதற்குள் அதே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு லட்சுமி கேட்டாள்: "கொழம்புல கலந்து குடுத்துடலாங்க. ஒங்கம்மா குடுக்கலியா?"

"வேணாம். அப்பறம் நம்ப கையால எதுவும் சாப்புட மாட்டா."

"அப்ப இன்னா பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க. பிள்ள ரோட்டுல அடிபட்டுச் செத்தா இன்னா பண்ணுவீங்க?"

இவளும் கெட்டவள் இல்லை, அக்கா. பெற்ற பிள்ளைபோலத்தான் வளர்த்தாள்.

ஊரே யோசனை சொன்னது. லேகியம் என்றார் ஒருத்தர். மூச்சுப் பயிற்சி என்றார் இன்னொருத்தர். காட்டுப்பூவில் எடுத்த சொட்டு மருந்து என்று படகில் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னார். செல்போனைத் திறந்தால் எல்லா மாத்திரையும் விஷம் என்கிறான் ஒருவன். ஆயுசுக்கும் நிறுத்தவே கூடாது என்கிறான் மற்றவன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் ஆனந்தி இல்லை.

அவள் காலேஜ் டீச்சர் சொல்லித்தான் சாரம் பகுதிக்குப் போனோம். ஒரு கடைக்கு மேலே மாடி அறை. இந்த நோய் கண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். டாக்டரும் கிடையாது, சாமியாரும் கிடையாது. ஒருத்தர் சொன்னார்: "நான் மாத்திரையோடதான் இருக்கேன். வேலைக்குப் போறேன், பிள்ளைங்கள படிக்க வெக்கறேன். எனக்கு அது வேணும்." மேரி என்று ஒரு அம்மா சொன்னார்: "நான் டாக்டரக் கேட்டுக் கேட்டுக் கொறச்சேன். பாதியில திரும்ப வந்துடுச்சி. மறுபடி ஏத்தி, மறுபடி எறக்கி, இப்ப கொஞ்சூண்டுதான் போடறேன்." ஒருத்தர் சொன்னதுபோல இன்னொருத்தர் சொல்லவில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மேரியம்மா ஆனந்தியிடம் திரும்பி, "ஒனக்கு இன்னாம்மா கேக்குது?" என்றார்.

குரல் கேட்குதா என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், அக்கா. என்ன கேட்குது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.

ஆனந்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "எங்கம்மா பேசறாங்க. மாத்திர போடாதடி, என்ன மாரி ஆயிடுவன்றாங்க."

நீயா, அக்கா? உயிரோடு இருந்தபோது நீ சொன்னதும் இதைத்தானே? அப்போது நோய் பேசுகிறது என்றோம். இப்போது உன் மகளின் நோய் உன் குரலில் பேசுகிறது. எது நோய், எது நியாயம்? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீ சொன்னதில் உண்மை இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்ததும் உண்மை. இரண்டையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

ஆனந்தியோடு டாக்டரிடம் போனேன். வெளியே கூட்டம் நெருக்கியது. சீட்டு எழுதி முடித்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்க அக்காவும் இதே மாத்திரைதான் போட்டாங்க. அவங்க மாரி ஆயிடுவோம்னு இவ பயப்படறா. நானும் பயப்படறேன்" என்றேன். அந்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு ஆனந்தியைப் பார்த்தார்.

"நீயா திடீர்னு நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சும்மா. வேற மாத்திரை இருக்கு. கொஞ்சமா ஆரம்பிக்கலாம். சர்க்கரை, எடை எல்லாம் பார்த்துக்கிட்டே இருப்போம். நல்லா ஆனதும் குறைக்கறதப் பத்திப் பேசலாம். குறைச்சே ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உன்னைக் கேக்காம எதையும் ஏத்த மாட்டேன்."

வெளியே வந்ததும் ஆனந்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத்த சொன்னது எனக்குக் கேட்டுச்சி. சோத்துல கலக்க மாட்டேன்னு சொல்லு. அம்மாவப் பத்தி எல்லாத்தையும் சொல்லு. போடறேன்."

சொன்னேன். ஆஸ்பத்திரி மரத்தடியிலேயே உட்கார்ந்து சொன்னேன். மீன் கடை, வேப்பங்குச்சி, கசந்த குழம்பு, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. "பாவம் அம்மா" என்றாள். நாங்கள் யாரும் உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லையே.

அவள் குணமாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். குணமாகவில்லை. குரல் வருகிறது. கதவுக்கு நாற்காலி சில நாள் திரும்ப வருகிறது. இந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நேற்றுக் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னபடி உடைத்த பாதி மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. குரலுக்குப் பதில் சொல்லிப் பார் என்று மேரியம்மா சொல்லியிருந்தாராம். ஆள் இல்லாத மூலையைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"பாதிதாம்மா. கேட்டுட்டுத்தான் போடறேன். மாமா பக்கத்துலதான் இருக்குது. நீ பயப்படாத."

விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

அக்கா, அது நீயாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உன்னிடம் யாரும் சொல்லாததை நான் அவளுக்காகச் சொல்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லும்போது நோய் பேசுகிறது என்று சொல்லி வாயை அடைக்க மாட்டேன். என்ன, ஏன் என்று உட்கார்ந்து கேட்பேன். அவளுக்கு வாய் எழாத நாளில் அவளுக்காக டாக்டர் முன்னால் நான் கேட்பேன், எழுந்திரு என்றாலும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
உன் ஆனந்திக்குத் தாய்மாமன்,
முருகன்